கொடுவாவுக்கு விலை பூஜ்ஜியம்

காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவருக்காக நான் எழுதிய பில் மென்பொருளில், ஒருநாள் விடியற்காலை கொடுவா மீனுக்கு மட்டும் விலை பூஜ்ஜியம் என்று அச்சாகி வந்தது. மீன் பெயர்களையே பண்புகளாகவும் விலைகளை அவற்றின் மதிப்புகளாகவும் கொண்ட, 'ஆப்ஜெக்ட்' எனப்படும் தொகுப்பு ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் வைத்திருந்தேன்; கடைப் பையன் தட்டும் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் விலை கிடைக்கும். வஞ்சிரமும் சங்கராவும் ஒழுங்காகவே வந்தன.

கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பண்பின் பெயராக வரும்போது அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய விலைப்பட்டியலில் இரண்டாவது வடிவம் இருந்தது; கடைப் பையன் தட்டியதோ முதல் வடிவம். இல்லாத பண்பைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் 'அன்டிஃபைன்டு' (மதிப்பு இல்லை) என்று தரும். அதைப் பூஜ்ஜியமாக மாற்றும்படி எழுதியிருந்தது நான்தான். பைத்தான் என்னும் இன்னொரு நிரல்மொழியின் 'கெட்அட்டர்' (getattr) செயற்கூறு, கேட்ட பண்பு இல்லாதபோது பிழையை எழுப்பும், ஆனால் மூன்றாவது மதிப்பாக ஒரு பூஜ்ஜியத்தைக் கொடுத்துவிட்டால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

பணம் போவதோடு இது முடிவதில்லை. இணையம் வழியாக வரும் ஆர்டரில் மீன் பெயருக்குப் பதில் 'கன்ஸ்ட்ரக்டர்' என்று ஆங்கிலத்தில் எவரேனும் அனுப்பினால், நாம் எழுதாத அந்தப் பண்பு சாதாரண ஆப்ஜெக்டில் மரபுவழியாகவே இருப்பதால், விலைக்குப் பதில் ஒரு ஃபங்ஷன் (செயற்கூறு) கிடைக்கும். வெளியார் தரும் பெயரை வைத்து மதிப்பை எழுதவும் அனுமதித்தால், ஆப்ஜெக்டுகள் மரபுவழியாகப் பண்புகளைப் பெறும் பொது முன்மாதிரியே மாறி அவை எல்லாமே கெடலாம். 2019இல் லோடாஷ் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் இத்தகைய ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, 4.17.12 பதிப்பில் அடைக்கப்பட்டது.

இப்போது விலைகளை, 2015 முதல் மொழியிலேயே உள்ள 'மேப்' அமைப்பில் வைக்கிறேன். அதில் நாம் இட்ட பெயர்கள் மட்டுமே இருக்கும். பட்டியலையும் தட்டச்சாகும் பெயரையும் யூனிகோடின் என்.எஃப்.சி. (NFC) என்னும் சீராக்கும் முறையில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே தேடுகிறேன். கொடுவாவுக்கு அது போதும். வௌவாலுக்குப் போதாது: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டினால் திரையில் அச்சு அசலாக அதே தோற்றம், ஆனால் எந்த முறையும் அவற்றை ஒன்றாக்காது. அப்போது பில் போடாமல் நின்று, பெயர் பட்டியலில் இல்லை என்று திரையில் காட்டும்படி எழுதியிருக்கிறேன். ஏலம் சூடாக நடக்கும் நேரத்தில் கடைப் பையன் அதற்காக என்னைத் திட்டத்தான் செய்கிறான்.