பக்கத்து மனையில் கட்டட வேலை, வீடெல்லாம் தூசி: மனுவில் என்ன எழுத வேண்டும்?

எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழும்பத் தொடங்கியதிலிருந்து அவர் ஜன்னலைத் திறப்பதில்லை. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அந்த அளவுக்குத் தூசி. மாதம் ஒரு முறை எடுத்த நெபுலைசரை வாரம் மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய மகன் மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும் "தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. சைட்டில் எதுவும் மாறவில்லை.

நான்காவது மனுவை அவரோடு உட்கார்ந்து நான் எழுதினேன். ஒன்பதாவது நாள் மணல் குவியலுக்குத் தார்பாய் வந்தது. அதற்கடுத்த வாரம் பச்சை வலையும் வந்தது. முதல் மூன்று மனுவிலும் "தூசி தாங்க முடியவில்லை, அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது" என்று எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி "தண்ணீர் தெளிக்கச் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடிவிடலாம். நான்காவது மனுவில் சட்டம் கேட்கும் ஏற்பாடுகளில் எவை அந்த சைட்டில் இல்லை என்று மட்டும் எழுதினோம்.

விதி இதுதான். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரி 25 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அறிவிக்கை எண் ஜி.எஸ்.ஆர். 94(இ). இந்த எண்ணை மனுவில் கட்டாயம் போடுங்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு.

முதல் பகுதி எல்லாக் கட்டட வேலைக்கும், இடிப்பு வேலைக்கும் பொருந்தும். இத்தனை சதுர அடிக்கு மேல் இருந்தால்தான் என்ற கணக்கே இதில் கிடையாது. திறந்தவெளியில் டைல்ஸ், கல் அறுக்கக் கூடாது, கிரைண்டிங் செய்யக் கூடாது. மணல், ஜல்லி, இடிபாடு எதையும் சாலையோரம் கொட்டி வைக்கக் கூடாது. மூடாத லாரியில் ஏற்றிப் போகக் கூடாது.

இரண்டாவது பகுதி காற்றில் தூசி வரம்பு மீறிய ஊர்களுக்கு. மண்ணையும் மணலையும் மூடி வைக்க வேண்டும். தண்ணீர் தெளிக்க நிலையான ஏற்பாடு வேண்டும். சைட்டுக்கு வரும் வழி மண்பாதையாக இருக்கக் கூடாது. கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத் தடுப்பு எழுப்ப வேண்டும். தூசியைக் குறைக்க என்னென்ன செய்கிறோம் என்று பொதுமக்கள் பார்க்கும்படி போர்டு வைக்க வேண்டும்.

"நம்ம ஊர் அந்த மாதிரி ஊர் இல்லை சார்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும், நகரங்களில் காற்று மாசைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த தேசிய தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அதை மனுவிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். வேறு ஊர் என்றால் முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி சைட்டுகள் அதிலேயே மாட்டும்.

காற்றுத் தடுப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு 4 மீட்டர், அதாவது பதின்மூன்று அடி. பெரும்பாலான சைட்டுகளில் நிற்பது ஆறடித் தகரம். மனுவில் "தடுப்பு போதவில்லை" என்று எழுதினால் அது உங்கள் கருத்தாகிவிடும். "கட்டடத்தின் உயரம் சுமார் 12 மீட்டர், தகரத்தின் உயரம் 6 அடி, விதிப்படி 4 மீட்டர் இருக்க வேண்டும்" என்று எழுதினால் வந்து டேப் வைத்து அளக்காமல் பதில் எழுத முடியாது.

காற்றை அளவெடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கலாம், ஆனால் அதிலேயே தொடங்காதீர்கள். மேலே சொன்ன விதிகளில் எதற்கும் காற்றை அளக்க வேண்டிய அவசியமில்லை. மூடாத மணல் மூடாத மணல்தான். நீங்களாகப் போய் "தூசி அளவை அளந்து பாருங்கள்" என்று கேட்டால், கருவி வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்த பிறகு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த முடிவும் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. காரணம் இருக்கிறது.

2009-ல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 தூசி (10 மைக்ரான் வரையுள்ள துகள்) 100 மைக்ரோகிராம் வரையும், அதைவிட நுண்ணிய பிஎம் 2.5 தூசி 60 மைக்ரோகிராம் வரையும் இருக்கலாம். இது 24 மணி நேரச் சராசரி. சைட்டில் எட்டு மணி நேரம் வேலை நடந்து அப்போது பிஎம் 10 220 இருக்கிறது, மீதிப் பதினாறு மணி நேரம் 40 இருக்கிறது என்று வையுங்கள். சராசரி சரியாக 100. வரம்பை மீறவில்லை! பகல் முழுக்க இருமியவருக்கு ராத்திரிக் காற்றைக் கலந்து கணக்குக் காட்டிவிடுகிறார்கள். இன்னொன்று, வருடத்தில் 2 சதவீத நாட்கள் வரம்பைத் தாண்டலாம், தொடர்ந்து இரண்டு அளவீட்டு நாளில்தான் தாண்டக் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. ஆக ஒரு நாள் அளவில் எண் எகிறியிருந்தாலும் "ஒரு நாள்தானே" என்று தள்ளிவிட இடமிருக்கிறது.

அதே போல, "இன்றைக்கு ஊரின் காற்றுத் தரக் குறியீடு திருப்திகரம் என்றுதான் காட்டுகிறது" என்று போனில் செயலியைத் திறந்து காட்டுவார்கள். அந்த எண் ஆலந்தூரிலோ மணலியிலோ வேளச்சேரியிலோ இருக்கும் நிலையத்தின் எண். உங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடக்கும் டைல்ஸ் கட்டிங் அதில் தெரியாது. தெரிய வேண்டும் என்று அந்த நிலையத்தை வைக்கவும் இல்லை. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவெடுக்கச் சம்மதித்துவிட்டால், எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை நடக்கும் நாளில் எடுக்க வேண்டும். காற்று சைட்டைக் கடந்து வரும் பக்கத்தில் கருவியை வைக்க வேண்டும். அன்றைக்கு சைட்டில் என்னென்ன வேலை நடந்தது என்று அறிக்கையில் குறிக்க வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், தூசி சைட்டுக்கு மேற்கே போகும். அந்த நேரத்தில் கருவி கிழக்கு வாசலில் நின்றால் அளப்பது கடற்காற்றைத்தான். பிஎம் 10 கருவியில் தூசி படியும் வடிதாளைப் பொதுவாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். மாற்றும்போது போய் நின்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுங்கள். அன்று காலையிலிருந்தே சைட்டில் வேலை நிறுத்தியிருந்தால் அதையும் எடுங்கள்.

சிலர் இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க்குக் கைக்கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் விடியற்காலையில் அது கூட்டிக் காட்டும், கட்டடத் தூசியின் பெரிய துகள்களைக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணைச் சட்ட ஆதாரமாக யாரும் ஏற்கமாட்டார்கள். நாட்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். "10.40: கட்டர் ஓடத் தொடங்கியது, எண் மூன்று மடங்கு ஏறியது. 1.00: சாப்பாட்டு இடைவேளை, இறங்கியது." இப்படி இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் எந்த வேலையால் தூசி வருகிறது என்பதை யாராலும் மறுக்க முடியாது. சமையலறை, ஊதுபத்திப் பக்கம் வைக்காதீர்கள்.

20,000 சதுர மீட்டர் என்ற பொறி

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அப்படிப்பட்ட சைட் என்றால் உங்கள் கை வலுவாகிறது. காற்றை அளந்து, ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டியது அந்த பில்டரின் பொறுப்பு. அது பொது ஆவணம். அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அறிக்கையில் எண்களைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். அளவெடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையா, மழை நாளா, அஸ்திவாரம் தோண்டியபோதா அல்லது உள்ளே வயரிங் நடந்தபோதா என்று உங்கள் போட்டோக்களோடு ஒப்பிடுங்கள்.

பொறி எங்கே என்றால், "இது 20,000-க்குக் கீழ் சார்" என்ற பதிலில். பிளான் அனுமதியில் போட்டிருக்கும் தளப்பரப்புக் குறியீட்டுக் (எஃப்.எஸ்.ஐ.) கணக்கில் கார் பார்க்கிங் போன்றவை கழிக்கப்பட்டிருக்கலாம். சுற்றுச்சூழல் அனுமதிக்கான கணக்கு வேறு. பேஸ்மென்ட், சேவைப் பகுதி எல்லாம் சேர்த்து எல்லாத் தளங்களின் மூடிய பரப்பையும் கூட்ட வேண்டும். பிளானில் 16,000 என்று இருக்கும் கட்டடம் இந்தக் கணக்கில் 20,000-ஐத் தாண்டிவிடலாம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் அந்தக் கட்டடத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து பரப்பைக் கூட்டிப் பாருங்கள். (ரெராவிடம் தூசிப் புகார் கொண்டு போகாதீர்கள். அது வீடு வாங்குகிறவர்களுக்கானது.)

20,000-க்குக் கீழ்தான் என்றாலும் விட்டுவிட வேண்டாம். ஜி.எஸ்.ஆர். 94(இ)-ன் முதல் பகுதிக்கு அளவு கிடையாது என்று மேலேயே சொன்னேன். சைட்டுக்குள் கான்கிரீட் கலவை பிளான்ட் ஓடினால் அதற்குத் தனியாக வாரியத்தின் இசைவு வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று வாரியம் சொல்ல முடியாது.

அலைக்கழிப்பு

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால் "காற்று என்றால் வாரியம்" என்பார்கள். வாரியத்துக்குப் போனால் "கட்டட அனுமதி கொடுத்தவர்கள் அவர்கள்தான்" என்பார்கள். ஸ்டேஷனில் இரண்டு இடத்தையும் சொல்லி அனுப்புவார்கள். ஆஸ்துமாக்காரரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் லீவு போட முடியும்?

ஒரே மனுவை எழுதுங்கள். பெறுநர் இடத்தில் உள்ளாட்சியின் மண்டல அல்லது நகராட்சி அதிகாரி, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருவரையும் போடுங்கள். ஒருவருக்குப் போனது மற்றவருக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் பந்து நிற்கும். போன் புகார், செயலிப் புகார் எல்லாம் கூடுதலுக்குத்தான். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "சீல் போடுகிறவர் லஞ்சுக்குப் போயிருக்கிறார்" என்றால் உட்கார்ந்திருங்கள். முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுதிய மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"மேற்படி இடத்தில் கீழ்க்கண்ட மீறல்களை நேரில் பார்த்து, தேதி, நேரத்துடன் புகைப்படம் இணைத்துள்ளேன். (1) சுமார் இரண்டு லோடு எம்-சாண்ட் சாலையோரம் மூடாமல் உள்ளது. (2) டைல்ஸ் அறுக்கும் வேலை திறந்தவெளியில் நடக்கிறது. (3) தூசிக் கட்டுப்பாட்டு அறிவிப்புப் பலகை இல்லை. இவை ஜி.எஸ்.ஆர். 94(இ), நாள் 25.01.2018-க்கு எதிரானவை. முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, ஆய்வு அறிக்கையின் நகலை எனக்கு அளிக்க வேண்டுகிறேன்."

'முன்னறிவிப்பின்றி' என்ற சொல் முக்கியம். ஆய்வுக்கு அரை மணி நேரம் முன்பு சைட்டில் ஹோஸ் பைப்பை எடுத்துத் தரையை நனைப்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். வந்தவர் ஈரத் தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நீங்கள் முந்தைய பத்து நாளின் போட்டோ வைத்திருந்தால் அந்த ஒரு போட்டோ நிற்காது. அந்தக் குழாயைப் பிடித்திருந்த பையன் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், அவன் அங்கேயே தகரக் கொட்டகையில் தூங்குகிறான். அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

முப்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தராமல் தப்பிக்கலாம். ஆய்வு செய்த நாள், நேரம், ஆய்வு அறிக்கை நகல், பில்டருக்கு அனுப்பிய நோட்டீஸ் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லை என்பது அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும்.

கடைசியாக ஒரு காலக்கெடு, பலர் இதில்தான் ஏமாந்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், நஷ்டஈடு கேட்காத வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நீங்கள் அலுவலகம் அலுவலகமாக நடந்த மாதங்களும் இதற்குள்தான் கழியும். அதனால் நான்காவது மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். போகும்போது சீல் வைத்த மனு நகல், தேதி போட்ட போட்டோக்கள், தகவல் உரிமைப் பதில், டாக்டர் சீட்டு நான்கையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள்.