வாசித்தால் மட்டுமே முடிகிற செயல்திட்டங்கள்

"பையன் பாடத்தைக் கடகடன்னு வாசிக்கிறான் டீச்சர், கேள்வி கேட்டா மட்டும் முழிக்கிறான்." பெற்றோர் கூட்டம் என்றால் இந்தப் பேச்சு இல்லாமல் இருக்காது. காவிரி டெல்டாவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளையை யாரும் தவறவிடுவதில்லை, அவனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறோம். ஓட்டமாக வாசித்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆறாம், ஏழாம் வகுப்பில் வரலாறும் அறிவியலும் கனமாகும்போதுதான் அது தெரியவருகிறது.

தமிழில் எழுத்துகள் பிடிபட்டுவிட்டால் பொருள் தெரியாத சொல்லையும் ஒலித்துவிடலாம். ‘கொள்ளளவு’, ‘உபரிநீர்’ என்று வாய் சொல்லிவிடும், மனதில் எதுவும் விழுந்திருக்காது. இதோடு பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையில் உள்ள தூரம் வேறு. வீட்டில் ‘நாத்தங்கா’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பாடத்தில் வரும் ‘நாற்றங்கால்’ தன் அப்பா விதை தெளித்த இடம்தான் என்று சட்டென்று உறைப்பதில்லை. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருளை ஐந்து முறை எழுதச் சொல்வது பயன் தருவதில்லை. செயல்திட்டம் பயன் தரும். ஆனால் எந்தச் செயல்திட்டம்? வளரறி மதிப்பீட்டுக்காகப் பிள்ளைகள் கொண்டுவருவதைப் பாருங்கள்: தெர்மாகோலில் வீடு, நெட் சென்டரில் எடுத்த வண்ணப் படங்கள், ஜிகினா ஒட்டிய சார்ட். பாதி அம்மா செய்தது, மீதி கடையில் வாங்கியது. கைவேலை நல்லதுதான், அதற்குரிய வகுப்பில் அது நடக்கட்டும். தமிழ்ப் பாடத்தில் ஒரு வேலை கொடுப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: பாடத்தை வாசிக்காத பிள்ளையால் இதைச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வேலையைக் கொடுப்பதில்லை.

எங்கள் வகுப்பில் நன்றாக ஓடுகிற வேலை, மேட்டூர் நிலவரம். ஜூன் 12 குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள். அதையொட்டி நாளிதழில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வரும்: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம். ஒரு குழு அதை வெட்டி நோட்டில் ஒட்டி, வாரம் ஒருமுறை பேப்பரைப் பார்க்காமல் தன் சொற்களில் நான்கு வரிச் செய்தி எழுதி, பள்ளிச் சுவரில் ஊர்க்காரர்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். வழியில் நிற்கிற விவசாயி கேள்வி கேட்டால் எழுதியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் வாரத்தில் எண்களை வரிசையாக எடுத்து எழுதுவார்கள், அவ்வளவுதான். பிறகு சிக்கல் தொடங்கும். "நீர்வரத்து கூடியிருக்கு, நீர்மட்டம் குறைஞ்சிருக்கு. பேப்பர்ல தப்பா டீச்சர்?" இந்தக் கேள்வி வரும் நாளுக்காகத்தான் இந்த வேலையே. நான்கு சொற்களையும் தனித்தனியாகப் புரிந்து ஒன்றோடொன்று பொருத்தினால்தான் இதற்கு விடை கிடைக்கும். வாசிப்பில் மிகவும் பின்தங்கிய ஒரு மாணவன் கரும்பலகையில் ஒரு தொட்டியை வரைந்து, வருவதைவிடத் திறந்துவிடுவது அதிகம் என்றால் மட்டம் இறங்கத்தானே செய்யும் என்று மற்றவர்களுக்கு விளக்கினான். மடை பார்த்து வளர்ந்த பிள்ளை. அன்று மற்றவர்கள் அவனிடம் கேட்டு எழுதினார்கள்.

இதில் வியப்பில்லை. ரெக்ட், லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டு நினைவில் வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு எது தெரியுமோ அந்த வாசல் வழியாக உள்ளே விடுங்கள். வாசிப்பில் பின்தங்கியவன் என்று எழுதி வைத்த பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பது அப்போது நமக்கே விளங்கும்.

அந்த நாளிதழ்க் கட்டத்தின் எண்களும் சும்மா விடாது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 12,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. போய்விடும். பெருக்கிப் பார்த்த பிறகு ‘இருப்பு’ என்ற சொல்லை அவர்கள் வாசிக்கிற விதமே மாறிவிடுகிறது. சொற்களும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கும். ‘வரத்து’ பிடிபட்ட பிறகு ‘காய்கறி வரத்து குறைவு, விலை உயர்வு’ என்ற தலைப்புச் செய்தி தானாகப் புரிகிறது. ஒரு சிறுமி, "அப்போ போக்குவரத்துன்னா போறதும் வர்றதும்தானா டீச்சர்?" என்றாள். மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் சொல் அவளுக்கு அன்றுதான் திறந்தது.

செய்யுளுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. செய்யுளுக்குத்தான் இன்னும் நன்றாக ஒத்துவருகிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் மறுவிசாரணையாக நடத்துவோம். கண்ணகி பக்கம் ஒரு குழு, பாண்டியன் பக்கம் ஒரு குழு, நடுவர்கள் மூவர். வேஷம் கிடையாது, அட்டைக் கிரீடம் கிடையாது. விதி ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் எந்த அடியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். ‘என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள் கண்ணகி. ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான் அரசன். ‘அரி’ என்றால் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் என்று தெரியாத குழுவால் வாதத்தையே தொடங்க முடியாது. அதனால் யாரும் சொல்லாமலே அகராதியைத் தேடி ஓடுகிறார்கள்.

கொலைக்களக் காதையிலிருந்து அரசன் இட்ட ஆணையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்: ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’. அரசன் தரப்புக்குக் கிடைத்த ஆயுதம் ‘ஆகில்’. "கையில இருந்தால்தானே கொல்லச் சொன்னார்? நேரா கொல்லச் சொல்லலையே!" எதிர்த்தரப்பு அசரவில்லை: "இருக்கிறது அரசியோட சிலம்புதானான்னு யார் பார்த்தாங்க? பார்க்கவேண்டிய வேலை யாருடையது?" பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு நிபந்தனைச் சொல்லை வைத்து அரை மணி நேரம் வாதாடுகிறார்கள். புரிதல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தேவையில்லை. வினாத்தாளில் ‘கண்ணகியின் சிலம்பில் இருந்தது எது?’ என்று கேட்டு ஒரு மதிப்பெண் கொடுப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஊர் அகராதி. கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. ராஜநாராயணன் தொகுத்து 1982-இல் அகராதியாக்கினார். கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் செய்தார். பிள்ளைகளால் தங்கள் தெருவுக்குச் செய்ய முடியும். வயல், சமையல், மாடு என்று ஒரு குழுவுக்கு ஒரு துறை. ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் சொல்லும் உச்சரிப்பு, எழுத்து வழக்கு, பொருள், ஒரு வாக்கியம், இவற்றோடு ‘இது அல்ல’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பிள்ளைகளை யோசிக்க வைக்கும். ‘பதர்’ எழுதிய குழுவில், கருக்காயும் பதரும் ஒன்றா வேறா என்று சண்டை. ஒரு மாணவியின் அப்பாயிதான் தீர்த்துவைத்தார்: கருக்காயில் கொஞ்சமாவது அரிசி இருக்கும், பதரில் உமி மட்டும்தான். அந்த வாரமே 196-ஆம் குறளை எடுத்தேன். பயனில்லாத சொல்லையே பேசித் திரிகிறவனை மகன் என்று சொல்லாதே, ‘மக்கட் பதடி’ என்று சொல் என்கிறார் வள்ளுவர். பதடி என்றால் பதர் என்று சொன்னதும் உரை தேவைப்படவில்லை. "ஆள் மாதிரி இருப்பான், உள்ள ஒண்ணும் இருக்காது" என்று அவர்களே முடித்துவிட்டார்கள்.

குழுவாகச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். விட்டுவிட்டால் நன்றாக வாசிக்கிற பிள்ளை வாசிக்கும், வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை கோடு போட்டு வண்ணம் அடிக்கும். யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைக்காமல் போகும். நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். வாசிப்பவர், கேள்வி கேட்பவர், சொல் தேடுபவர், எழுதுபவர் என்ற பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொண்டே இருங்கள். தடுமாறுகிற பிள்ளைக்கு வாசிப்பவர் சீட்டு வந்தால், முதல் நாளே பகுதியைக் கொடுத்து அருகில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். நாளிதழ் வாங்க வழியில்லாத பள்ளியில் பள்ளிக் கல்வித்துறையின் தேன்சிட்டு இதழும், வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசை நூல்களும் கைகொடுக்கும். அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

மதிப்பெண்ணும் இதற்கேற்ப மாற வேண்டும். அலங்காரத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. குழுவில் யாராவது ஒருவரை எழுப்பி, எழுதியதில் ஒரு சொல்லைச் சுட்டி, அதை வேறொரு வாக்கியத்தில் சொல்லச் சொல்வேன். பிறகு, "இது எப்படித் தெரியும், எங்கே இருக்கிறது?" என்று கேட்பேன். இந்த இரண்டுக்கும் வரும் பதில்தான் மதிப்பெண்.

பெற்றோருக்கு: செயல்திட்டம் என்று பிள்ளை சொன்னதும் சார்ட்டும் ஜிகினாவும் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். நோட்டோடு வந்து "பாட்டி, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் அதனுடன் உட்காருங்கள். தெரியாத சொல் என்றால் தெரியாது என்றே சொல்லி, பக்கத்து வீட்டில் யாரைக் கேட்கலாம் என்று காட்டிவிடுங்கள்.