பழைய பிக்கப் வாங்கிப் புதுப்பிக்கும் எண்ணமா? இன்ஜினுக்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்கிறார்கள். இன்ஜினைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். பணம் முடங்குவது ஆர்.டி.ஓ. ஆபீஸில்.

சட்டம் சுருக்கமாக இதுதான். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30. புதுச்சேரி வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தால் படிவம் 28-ல் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வேண்டும். மீதியெல்லாம் அலைச்சல்.

முதல் பொறி, பெயர். பேசுகிறவர் ஒருவர், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருப்பவர் வேறொருவர். "ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன் சார், நீங்க தேதி மட்டும் போட்டுக்கலாம்" என்பார் புரோக்கர். அந்தக் கையெழுத்தை நம்பாதீர்கள். ஆர்.சி.காரர் நேரில் வரட்டும், அல்லது அவர் ஆதார் ஓ.டி.பி. தரட்டும். அவர் இறந்துவிட்டார் என்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-ல் மாற வேண்டும். அதை முடித்துக்கொடுத்த பிறகு விலை பேசுங்கள். விற்பவரும் அசட்டையாக இருக்கக் கூடாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது, ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் ஏறியிருக்கும் கடன் குறிப்பு. கடன் எப்போதோ கட்டி முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கடிதமும் இல்லாமல் அது போகாது. அந்தக் கம்பெனி வேறொன்றோடு சேர்ந்திருந்தால் யாரிடம் கேட்பது என்று தேடுவதே தனி வேலை. அதை விற்பவர் தலையில் விடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய அடி: எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. காலாவதியானால், சட்டத்தின் கண்ணில் அதன் பதிவே செல்லாது. மத்திய விதிப்படி தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வருடம் தோப்பில் நின்ற வண்டி என்றால் 1,095 நாள், 54,750 ரூபாய். எஃப்.சி. கட்டணமும் பாக்கி வரியும் அதற்கு மேல். சில வண்டிகளின் விலையே அவ்வளவுதான் இருக்கும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புதுச்சேரி, கடலூர் கடற்கரையில் இன்னொரு வம்பு உண்டு. மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர், சரக்கு ஏற்றும் தொட்டியின் இடுக்கு வழியே சேஸிஸில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். தொட்டித் தகரம் ஓட்டையானால் மாற்றலாம். ஆனால் சேஸிஸ் நம்பர் அடித்த இடம் செதில் செதிலாக உரிந்திருந்தால்? வாங்கும் முன் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் உரசிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழ வேண்டும். ஆபீஸிலும் இதே பென்சில் பிரின்ட்டைத்தான் கேட்பார்கள். நம்பர் தெரியாத வண்டி எஃப்.சி.யில் நிற்காது. கிரைண்டர் வைத்த தடமோ, அதே இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய இரும்புக் கடை இன்ஜினை பில் இல்லாமல் மாட்டியிருந்தால் அதைப் பதிவில் ஏற்றுவது பெரும்பாடு. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

பிஒய் (புதுச்சேரி) நம்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டிக் கடலூரில் நிரந்தரமாக ஓட்ட முடியாது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். இதைத் தவிர்க்கப் புதுச்சேரியில் தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுப்பது பின்னால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது கழுத்தைப் பிடிக்கும்.

என்.ஓ.சி. விஷயத்தில் உங்கள் உரிமை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 48-ன்படி, விண்ணப்பித்த 30 நாளுக்குள் தர வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தந்ததாகவே பொருள். திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கையை வாங்குவதும் அந்தப் பிரிவுப்படி ஆபீஸின் வேலை. நடைமுறையில் "ஸ்டேஷன்ல வாங்கிட்டு வாங்க" என்று உங்களைத்தான் அனுப்புவார்கள். ஒப்புகைச் சீட்டில் தேதி இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். அந்த 30 நாள் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

ஏலத்தில் வரும் அரசு வண்டிகள் பார்க்க ஆசையாக இருக்கும். 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவு புதுப்பித்தல் கிடையாது. அவற்றை ரோட்டில் ஓட்ட முடியாது, உதிரிபாகத்துக்குத்தான் ஆகும். ஸ்கிராப்புக்குக் கொடுத்துப் பதிவு ரத்தான வண்டிக்கும் அதே கதிதான்.

கடைசியாக ஒன்று: பெயர் மாறி, எஃப்.சி. கைக்கு வரும் வரை இன்ஜினை இறக்காதீர்கள். ஆய்வாளர் வண்டியைக் கொண்டுவரச் சொன்னால், பட்டறையில் பாகம் பாகமாகக் கிடப்பதை அவரிடம் காட்ட முடியாது. பிரேக், லைட், டயர், ஹார்ன் மட்டும் சரிசெய்து ஓடும் நிலையில் வைத்திருங்கள். பெயின்ட் அடிப்பது அப்புறம்.