ஆகன் அயனின் ஆயுளை மில்லிமீற்றரில் அளப்பது

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கேற் அடிக்கும் பட்டறைகளில் 'ஆகன் வெல்டிங்' நடக்கும். அதில் எழும் மின்வில்லின் சூட்டில் ஆகன் வாயுவின் அணுக்கள் பல ஓர் இலத்திரனை இழந்து அயனாகின்றன. சில அயன்களில், மிஞ்சிய இலத்திரன் ஒன்று மேலான சக்திமட்டத்துக்குத் தாவும். அங்கே அது நிலைக்காது; ஒளியை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். பிற துணிக்கைகளோடு மோதாமல் தனியே விட்டால் சராசரியாக எவ்வளவு நேரம் மேலே இருக்கும் என்பதே அந்த அருட்டிய நிலையின் கதிர்ப்பு ஆயுட்காலம். 488 நனோமீற்றர் நீல ஒளியைத் தரும் ஆகன் அயனின் மட்டத்துக்கு அது 9 நனோ செக்கன் அளவில்தான்.

இதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? 1963, 1964இல் கே, பாஷ்கின் என்ற இருவர் தனித்தனியே காட்டிய வழியில் நேரம் தூரமாக மாறிவிடுகிறது. வெற்றிடக் குழாய்க்குள் ஆகன் அயன்களை 4 இலட்சம் இலத்திரன்வோல்ற்று வரை முடுக்கினால் வேகம் செக்கனுக்கு 1,390 கிலோமீற்றர் அளவில் வரும். வழியில் ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்புள்ள காபன் தகடு. அதை ஊடுருவி வெளியேறும் கணத்தில் அயன்கள் அருட்டப்பட்டிருக்கும். அப்புறம் ஓட ஓட ஒளிர்ந்து மங்கும். ஒரு நனோ செக்கன் என்பது இங்கே 1.4 மில்லிமீற்றர். ஆக, நீல ஒளியின் ஆயுள் ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டிய நீளம், அளவுகோலே போதும்! ஒளியுணரியைக் கற்றை நெடுக நகர்த்தி, அந்த ஒரே அலைநீளத்தின் செறிவை இடத்துக்கு இடம் எண்ணுகிறார்கள். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குக் கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வு வளையி நினைவிருக்கும். வருவது அதே வளையிதான். செறிவு 37 வீதமாகக் குறையும் தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஆயுள். தகடு அயன்களைச் சற்று மெதுவாக்கும் என்பதால் வெளியேறும் வேகத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு இலகுவாக முடிந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் தகடு கண்டபடி அருட்டும். நாம் பார்க்கும் மட்டத்துக்கு மேலுள்ள மட்டங்களும் நிரம்பிவிடும். அங்கிருந்து இலத்திரன்கள் ஒவ்வொன்றாக நம் மட்டத்தில் வந்து விழும். ஓட்டைக் குடம் எவ்வளவு நேரத்தில் காலியாகும் என்று பார்க்கும்போது, ஒருவர் மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் எப்படி? ஆயுள் உண்மையைவிட நீளமாகத் தெரியும். பழைய அளவீடுகள் பலவற்றை நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

தகட்டை எடுத்துவிட்டு, அலைநீளம் துல்லியமாகச் சரிசெய்த லேசரைக் கற்றையில் பாய்ச்சுவது இதற்கு மருந்து. லேசர் வேண்டிய மட்டத்தை மட்டும் நிரப்பும். மேலே வேறு எதுவும் இராது. பிழையை ஒரு வீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம்.

இந்த எண்களின் பெறுமதி ஆகன் அயன் லேசரில் தெரியும். 1964இல் வில்லியம் பிரிட்ஜஸ் உருவாக்கியது அது. அதன் மேல்மட்டம் சில நனோ செக்கன் தாங்க, கீழ்மட்டமோ அரை நனோ செக்கனுக்குள் காலியாகிவிடுகிறது. அதனால் மேலே எப்போதும் கூட்டம் அதிகம், லேசரும் தொடர்ந்து எரிகிறது. சீனி வருத்தத்தால் பழுதான விழித்திரைக்கு நெடுங்காலம் சிகிச்சை தந்தது இந்த லேசர்தான். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் 532 நனோமீற்றர் பச்சை லேசர்கள் பிடித்துவிட்டன.