லேசர் இயந்திரம் டைமென்ஷனைப் படிப்பதில்லை

சென்ற வாரமும், கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் வரைந்த ஒரு கோப்பு வந்தது. 6 மி.மீ. தகட்டில் வெட்ட வேண்டிய பிராக்கெட். இரண்டு துளைகளுக்கு மையத்துக்கு மையம் 150 என்று டிராயிங்கில் அழகாக எழுதியிருந்தது. கோவையில் இப்படி வெட்டுவதற்கு வரும் கோப்புகளைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு ஏற்றும் வேலையில் இருக்கிறேன். எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பது பழக்கம். அளந்தேன். 148.62 என்று வந்தது.

வரைந்த இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தேன். "சார், 150 என்றுதானே போட்டிருக்கிறேன்?" என்றார். போட்டிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. துளையைக் கண்ணளவில் நகர்த்தி வைத்திருக்கிறார். டைமென்ஷன், அதாவது வரைந்ததை அளந்து மென்பொருளே காட்டும் எண், 148.62 என்று உண்மையைச் சொல்லியிருக்கிறது. அது பிடிக்காததால் அந்த எண்ணின்மேல் இரண்டு முறை சொடுக்கி, அழித்து, 150 என்று தட்டிவிட்டார். இந்த வகைக் கோப்பு ஒன்று இரண்டு வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வந்துகொண்டே இருக்கிறது.

இதே இளைஞரிடம் ஆட்டோகேட் குறுக்குவிசைகளைக் கேட்டுப் பாருங்கள். எல் என்றால் லைன், சி என்றால் சர்க்கிள், சிஓ என்றால் காப்பி, எம்ஐ என்றால் மிரர், எம்ஏ என்றால் மேட்ச் பிராப்பர்ட்டீஸ் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த நூறு குறுக்குவிசைப் பட்டியல் இவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. நேர்முகத் தேர்விலும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்குப் பொறுக்கமுடியாத எண்ணம் ஒன்று உண்டு: திரையில் சரியாகத் தெரிந்தால் டிராயிங் சரி என்பது. அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதற்காக நீங்கள் வரையவில்லை. கோட்டின் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, வட்டத்தின் மையம், ஆரம் எல்லாம் கோப்புக்குள் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. வெட்டும் மென்பொருள் அந்த எண்களை எடுத்துக்கொண்டு போய்விடும். டைமென்ஷன் இருக்கும் லேயரை (கோப்பின் தனி அடுக்கை) இயந்திரத்துக்கு ஏற்றும் முன் நாங்களே நீக்கிவிடுகிறோம். அங்கே நீங்கள் 150 என்று எழுதினாலும் ஒன்றுதான், உங்கள் பெயரை எழுதினாலும் ஒன்றுதான். துளை 148.62-இல்தான் விழும். தராசு 900 கிராம் காட்டினால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை அள்ளிப் போட வேண்டும். 'ஒரு கிலோ' என்று சீட்டு எழுதித் தராசில் ஒட்டுவார்களா?

இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் செய்கிறார்கள். டைமென்ஷன் என்பது நீங்கள் எழுதும் குறிப்பு அல்ல, மென்பொருள் உங்களுக்குத் தரும் அறிக்கை. அது பிடிக்காத எண்ணைக் காட்டினால் திருத்த வேண்டியது வடிவத்தை. எஸ் தட்டி ஸ்ட்ரெட்ச் (இழுத்து நகர்த்தும் கட்டளை) எடுங்கள். வலமிருந்து இடமாக இழுத்து, வட்டத்தின் மையமும் டைமென்ஷனின் அந்த முனையும் உள்ளே வரும்படி தேர்வு செய்யுங்கள். எஃப்8 போட்டு (கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் நகரும்), போக வேண்டிய திசையில் மவுஸைக் காட்டி 1.38 என்று தட்டுங்கள். துளையும் நகரும், டைமென்ஷனும் தானாகவே 150 ஆகிவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. பொய் எழுதுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

அடுத்தவர் கோப்பு கைக்கு வந்தால், சந்தேகமான டைமென்ஷனைத் தேர்ந்து கன்ட்ரோலும் 1-உம் அழுத்துங்கள். பிராப்பர்ட்டீஸ் பலகையில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' என்ற வரி காலியாக இருக்க வேண்டும். அதில் வெறும் எண் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அதற்கு மேலேயே 'மெஷர்மென்ட்' வரியில் உண்மை இருக்கும். கைவைக்காமலும் ஏமாற வழி உண்டு: டைமென்ஷன் ஸ்டைலில் தசமத் துல்லியத்தைப் பூஜ்யமாக வைத்தால் 149.6-உம் 150 என்றே தெரியும். வரையும்போது இரண்டு தசமமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

துளை 1.38 தள்ளிப்போனது ஏன் என்று பார்த்தால் பெரும்பாலும் எஃப்3-இல் வந்து நிற்கும். அந்த விசை இயக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் (முனை, மையம் போன்ற புள்ளிகளைச் சரியாகப் பிடித்துத் தரும் வசதி) அணைந்திருக்கிறது, அல்லது எல்லா வகை ஸ்னாப்பையும் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. முக்கியமாக 'நியரஸ்ட்' என்பதை நிரந்தரமாக இயக்கி வைக்காதீர்கள். அது கோட்டின்மேல் மவுஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளும், நீங்களோ முனையைப் பிடித்துவிட்டதாக நினைப்பீர்கள். எண்ட்பாயிண்ட், மிட்பாயிண்ட், சென்டர், இன்டர்செக்ஷன் இந்த நான்கும் அன்றாட வேலைக்குப் போதும். மற்றது தேவைப்பட்டால் ஷிஃப்டை அழுத்தி வலச்சொடுக்கு, அப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குறுக்குவிசைகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது கை விசைப்பலகையிலும் வலது கை மவுஸிலும் இருப்பவர்தான் வேகமாக வரைவார், மேலே உள்ள ரிப்பன் பட்டையில் படம் தேடுபவர் அல்ல. ஆட்டோகேடின் முதல் பதிப்பு 1982 டிசம்பரில் வந்தது. ரிப்பன் நுழைந்தது 2009 பதிப்பில்தான். அதுவரை கட்டளையைத் தட்டியே எத்தனையோ பேர் வரைந்தார்கள். ஆனால் அவர்கள் தட்டிவிட்டுக் கீழே மென்பொருள் கேள்வி கேட்கும் கமாண்ட் லைனையும் படித்தார்கள். இப்போது அதை யாரும் படிப்பதில்லை, இடத்தை அடைக்கிறது என்று மூடியே வைத்திருக்கிறார்கள். 'டிஆர் வேலை செய்யவில்லை சார்' என்று வருவார்கள். டிஆர் என்றால் ட்ரிம், மிஞ்சிய கோட்டை வெட்டும் கட்டளை. பழைய வீடியோவைப் பார்த்து, முதலில் வெட்டும் விளிம்பைத் தேர்ந்திருப்பார்கள். 2021 பதிப்பிலிருந்து ட்ரிம் நேரடியாகவே வெட்டத் தொடங்கும்படி மாறிவிட்டது, அதனால் விளிம்பே காணாமல் போயிருக்கும். கமாண்ட் லைன் இதைத்தான் அங்கே எழுதிக் காட்டுகிறது. படியுங்கள். அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும், பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

அந்தப் பட்டியலும் வேதம் அல்ல. ஏகேட் டாட் பிஜிபி என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இந்தக் குறுக்குச் சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சில அலுவலகங்களில் சி-க்கு காப்பியை வைத்திருப்பார்கள். முதல் நாள் அங்கே போய் 'கணினி கெட்டுவிட்டது' என்று சொல்லாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகைப் பிழை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள். திரையில் ஒரே கோடு. இயந்திரம் அதே பாதையில் இரண்டு முறை போய் விளிம்பைப் பொசுக்கும். ஓவர்கில் கட்டளை இதற்காகவே இருக்கிறது, அனுப்பும் முன் ஒரு தடவை ஓட்டுங்கள். மூலைகள் மூடவில்லை என்றால் ஃபில்லெட் (மூலையை வளைக்கும் கட்டளை) எடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி இரண்டாவது கோட்டைச் சொடுக்குங்கள். ஆரம் பூஜ்யமாகி இரண்டும் முனையில் சேரும். பிறகு ஜே தட்டி எல்லாவற்றையும் ஒரே பாலிலைனாக (தொடர்கோடாக) இணைத்து, பிராப்பர்ட்டீஸில் 'க்ளோஸ்டு' வரியில் 'யெஸ்' என்று வருகிறதா என்று பாருங்கள். 'நோ' என்று வந்தால் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது. பெரிதாக்கித் தேடுங்கள், என்னிடம் அனுப்பித் தேட வைக்காதீர்கள்.

யூனிட்ஸ் (அளவு அலகு) பற்றி: அந்தப் பெட்டியில் அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றுவதால் ஏற்கெனவே வரைந்தது மாறாது. 10 அங்குலமாக வரைந்த தகடு 10 மி.மீ. தகடாக வந்து சேரும். எஸ்சி (ஸ்கேல்) தட்டி 25.4 மடங்கு பெரிதாக்க வேண்டும். தெரிந்த ஓர் அளவை டிஐ (தூரத்தை அளக்கும் கட்டளை) போட்டு அளந்தால் இந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பயிற்சி மையம் நடத்தும் நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் நூறு கட்டளை சொல்லிக்கொடுக்காமல் பதினைந்து போதும் என்று வையுங்கள். மாணவர் வரைந்து முடித்ததும் அச்சிட்டுப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். கோப்பைத் திறந்து, டைமென்ஷன் லேயரை அணைத்துவிட்டு, நீங்களே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். அளவு தவறினால் எத்தனை அழகான டிராயிங்காக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வெட்டுவதற்கு அனுப்புகிறவர்களுக்கு: டிஎக்ஸ்எஃப் கோப்பில் (வெட்டுவதற்கு அனுப்பும் கோப்பு வகை) வெட்ட வேண்டிய வடிவம் மட்டும் இருக்கட்டும். தலைப்புக் கட்டம், மையக் கோடு, ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) எதுவும் வேண்டாம். அளவுகளோடு ஒரு பிடிஎஃப் தனியாக வையுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தகட்டின் கனம், எந்த உலோகம், எத்தனை எண்ணிக்கை என்பதை மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். 'ஃபைனல் புதிது 3' என்ற கோப்புப் பெயரிலிருந்து அவற்றை எங்களால் கண்டுபிடிக்க முடியாது.