ஹெரால்டு காரின் அரிய பாகத்தை விற்கும் முன்

சென்னையில் தயாரான பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் பழைய கார் ஆர்வலர் வட்டத்திலேயே இன்னொருவரிடம் வாங்கிய வெர்ட்டிகல் லிங்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மாட்டுவதற்கு முன் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது, அடிப்பகுதி மரையைச் சுற்றித் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. விற்றவர் ஏமாற்ற நினைக்கவில்லை. பொருள் பார்வையாக இருக்க வேண்டுமென்றே பூசியிருக்கிறார். ஆனால் மறைக்கக் கூடாத இடத்தை அந்தப் பூச்சு மறைத்துவிட்டது.

இந்தத் தண்டின் மரை, ட்ரன்னியன் என்னும் வெண்கலப் பாகத்துக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையின் மீதுதான் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். பலர் கிரீஸ் அடைத்துவிடுவதால், அது நாளடைவில் இறுகி, மரைக்குள் எண்ணெய்ப் பசை இல்லாமற்போய், கசியும் தண்ணீரால் துரு ஏறி, ஒரு நாள் தண்டு முறிந்து, சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். ஓடும் காரில் அது நடந்தால் ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஆகவே இத்தகைய பாகத்தை விற்பவர்கள் பெயின்ட் அடிக்காமல், துடைத்து லேசாக எண்ணெய் தடவி, மரையை நெருக்கமாகப் படம் எடுத்துக் காட்டுங்கள். சாயம் தடவி விரிசலைக் கண்டறியும் சோதனையைச் செய்து தரும் பட்டறைகள் உண்டு. செய்யவில்லையென்றால் "சோதிக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இடப்புற, வலப்புறப் பாகங்களின் மரைகள் எதிரெதிர் திசையில் சுற்றுபவை என்பதால், எந்தப் பக்கத்தது என்பதும் தெரிய வேண்டும். எந்தக் காரிலிருந்து கழற்றியது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஹெரால்டுக்குப் பிறகு அதே ஸ்டாண்டர்டு நிறுவனத்திலிருந்து வந்த கேஸல் காரின் பின் அச்சு அமைப்பே வேறு. அதன் பின் அச்சுப் பாகத்தை ஹெரால்டுக்கென்று வாங்கினால் பணம் வீண்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனத்தின் வடிவமைப்பு. அந்நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் காரும் இதே முன்சக்கர அமைப்பைக் கொண்டிருந்ததால், ட்ரன்னியன் போன்றவை அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. "இனி எங்கும் கிடைக்காது" என்று சொல்லி விலையை ஏற்றுவது நியாயமாகாது. உண்மையிலேயே அரியவை நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுகள்தாம். பிரிட்டனில் ஹெரால்டு நான்கு கதவுகளுடன் வரவே இல்லை. அது ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில் உருவான வடிவம். அந்தக் கதவுக்கு நல்ல விலை கேட்பதில் எனக்கு மறுப்பில்லை, அதற்காக ஓடும் நிலையில் உள்ள ஒரு காரைப் பிரிக்காத வரையில்.

வாங்கியவர் தம் மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்க ஒரு வாரமாவது அவகாசம் கொடுத்து, பழுதிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்புத் தண்டை விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். அன்று மாலையே முழுத் தொகையையும் திருப்பி அனுப்பினார். அது இன்னொருவர் காருக்குப் போய்விடக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். அவர் சம்மதத்துடன் என் பட்டறையிலேயே அதை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன்.