‘கோஷரி’ என்ற சொல்லும் நயமின்மையும்

நாகர்கோவில் பக்கம் ஒரு துட்டி வீடு, அதாவது சாவு வீடு. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, வாய்ப் பழக்கத்தில், “அப்போ போயிட்டு வாறேன்” என்று சொல்லிவிடுகிறார். துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. ‘வாறேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருவதுபோல் ஆகும். யாரையும் நோகடிக்க அவர் நினைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். இந்த மாதிரித் தடுமாற்றத்துக்கு ஆங்கிலத்தின் எழுத்து நடையில் உள்ள சொல் ‘கோஷரி’ (gaucherie). பேச்சில் இதை அதிகம் கேட்க முடியாது. நாவலிலும் கட்டுரையிலும்தான் எதிர்ப்படும்.

எழுத்தைப் பார்த்தால் ‘காச்சேரி’ என்று வாசிக்கத் தோன்றும். நடுவில் வருவது பிரெஞ்சு ‘ஷ’. பிரித்தானியர் முதல் அசையை அழுத்துவார்கள்; அமெரிக்கர் பலர் கடைசி அசையை நீட்டி ‘கோஷரீ’ என்பார்கள். இதன் பெயரடை ‘கோஷ்’ (gauche). ஓவியர்கள் பூசும் ‘குவாஷ்’ வண்ணத்துக்கும் இதற்கும் உறவில்லை.

பிரெஞ்சில் ‘கோஷ்’ என்றால் இடது. அதற்கு முன் இடதுக்கு ‘செனெஸ்த்ர்’ என்று வேறு சொல் இருந்தது. அது லத்தீன் ‘சினிஸ்டர்’ வழி வந்தது. கோணலாகத் திரும்புவது, விலகுவது என்ற பொருளுள்ள வினையோடு தொடர்புடைய ‘கோஷ்’, பிறகு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே கோணல் என்ற பொருள் அதில் முதலிலேயே இருந்தது. வலது பக்கத்துக்கு மட்டும் நல்ல யோகம்: பிரெஞ்சு வலதிலிருந்து ‘அட்ராய்ட்’, அதாவது கைதேர்ந்த. லத்தீன் வலதிலிருந்து ‘டெக்ஸ்டெரிட்டி’, கைத்திறன். இரண்டு கையாலும் வேலை செய்பவரை ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்று புகழ்கிறோமே, நேர்ப்பொருள் பார்த்தால் அவருக்கு இரண்டுமே வலக்கை! இடக்கைக்காரர்கள் கோபப்பட நியாயம் உண்டு.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கைக்குக் கை வேலை பிரித்துப் பெயர் வைத்தவர்கள்தானே. ‘வலவன்’ என்றால் வல்லவன், தேர்ப்பாகன். இந்தப் பக்கம் ‘இடக்குப் பண்ணாதே’, ‘இடக்கு மடக்காப் பேசாதே’. ஆனால் ஒலி ஒத்துவருகிறது என்பதற்காக ‘இடக்கு’ என்பதையே கோஷரிக்கு மாற்றாகப் போட்டுவிடக் கூடாது. இடக்குப் பேசுகிறவன் தெரிந்தே பேசுகிறான். கோஷரியில் தெரியாமை வேண்டும்.

மொழிபெயர்ப்பில் சறுக்கும் இடமும் இதுதான். ‘முரட்டுத்தனம்’, ‘அவமரியாதை’, ‘திமிர்’ என்று எழுதினால் பேசியவர் மேல் இல்லாத கெட்ட எண்ணத்தை ஏற்றுகிறோம். ஒரு சோதனை போதும்: தப்பை எடுத்துச் சொன்னதும் ஆள் நாக்கைக் கடித்துக்கொள்வாரா? கடித்துக்கொண்டால் கோஷரி. “சொன்னா என்னவாம்?” என்று எதிர்த்துக் கேட்டால் அதற்கு வேறு சொல் தேட வேண்டும்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? பலரும் எழுதுவது ‘இங்கிதமின்மை’. இங்கிதம் வடசொல், முதற்பொருள் உள்ளக் கருத்தைக் காட்டும் உடல் அசைவு, குறிப்பு. அந்தக் குறிப்பைப் பிடித்து நடப்பவர் இங்கிதம் தெரிந்தவர். இதற்கு நேரான தமிழ் ‘குறிப்பறிதல்’. திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. அவையிலும் காதலிலும் ஒரே திறமைதான் கேட்கிறது போலும். பிரெஞ்சுச் சொல் கையின் கோணலைப் பார்க்கிறது. நம் சொல் கண்ணின் குறையைப் பார்க்கிறது. எதிரில் இருப்பவர் முகத்தை வாசிக்காமல் விட்டதுதான் குற்றம். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்தவர்கள் ‘அனௌசித்யம்’ என்பார்கள். அது பொருத்தமின்மை, இன்னும் கொஞ்சம் அகலமான சொல்.

என் தேர்வு ‘நயமின்மை’. பேச்சுக்கும் நடைக்கும் கைவேலைக்கும் ஒன்றுபோல் பொருந்தும். கெட்ட எண்ணத்தை ஏற்றாது. காரணத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘குறிப்பறியாமை’. ஒரு சிக்கல்: ஆங்கிலத்தில் ‘ஒரு கோஷரி’, ‘பல கோஷரிகள்’ என்று எண்ணலாம். ‘நயமின்மைகள்’ என்று எழுதினால் தமிழ் முழிக்கும். அங்கே ‘நயமற்ற பேச்சு’, ‘நயமற்ற கேள்விகள்’ என்று செயலைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தியில் பிரதமன் (பாயசம்) விளம்பும்போது, பெண்ணின் அப்பாவிடமே “எத்தனை பவன் போட்டிய?” என்று பலர் கேட்கக் கேட்பது நயமற்ற கேள்வி. உரையாடலை மொழிபெயர்க்கும்போது ‘-இன்மை’யையே விட்டுவிடலாம். “ஆளு நல்லவருதான், புழங்கத் தெரியாது” என்றால் பொருள் முழுசாக வந்துவிடும்.

இந்தக் குறையைத் தவிர்க்கும் வழியை நம் இலக்கணம் தனியாகவே பேசுகிறது. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது தொல்காப்பியம்: அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘கால் கழுவி வந்தான்’ இடக்கரடக்கல். ‘துஞ்சினார்’ மங்கலம். குமரி மாவட்டத்தில் ‘செத்துப் போனாரு’ என்னாமல் ‘மரிச்சுப் போனாரு’, ‘தவறிட்டாரு’ என்கிறோமே, அதுவும் மங்கலம்தான்.